21 நாளில் தியான ஆசிரியரா?

 

'21 நாளில் நீங்களும் தியான ஆசிரியர் ஆகலாம், சான்றிதழ் உண்டு' என்று ஒரு விளம்பரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. புத்தர் படம், பின்னால் தாமரை, கீழே பணம் அனுப்ப ஜிபே எண். கூடவே 'உடல்வழி சிகிச்சை'யும் கற்றுத் தருவார்களாம். தலைவலி, மூட்டுவலி, சர்க்கரை எல்லாம் தீருமாம். 34 வருடம் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்: இது படிப்பு அல்ல, கடை.

ஓர் ஆசிரியர் எப்படி உருவாகிறார் என்பதற்கு எஸ்.என்.கோயங்காவைப் பாருங்கள். பர்மாவில் பிறந்த இந்தியர், பெரிய வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். வெளிநாட்டு வைத்தியமும் பலிக்காமல், 1955-இல் ரங்கூனில் ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் துறவி அல்லர். பர்மா அரசில் அக்கவுண்டன்ட் ஜெனரலாக இருந்தவர், குடும்பஸ்தர். தலைவலி தீர வேண்டும் என்று கோயங்கா சொன்னதும், அதற்காக என்றால் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டார். மனம் சுத்தமாவதற்காக வா, உடம்புக்குக் கிடைப்பது உபரி என்பது அவர் கணக்கு. இதைக் கோயங்காவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நம் விளம்பரக்காரர் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தலைவலிக்குத் தனி 'பேக்கேஜ்' போட்டிருப்பார்!

அதன்பிறகு கோயங்கா அவரிடம் 14 வருடம் பயின்றார். 1969-இல்தான் கற்பிக்க அனுமதி கிடைத்தது. அந்த ஜூலையில் பம்பாயில் நடந்த முதல் முகாமில் அவருடைய பெற்றோரும் இன்னும் சிலரும்தான் இருந்தார்கள். 2013-இல் இறக்கும்வரை அதே வேலை.

உடம்பைப் பற்றி இவர்கள் பேசுகிறார்களே, விபாசனாவிலும் உடம்புதான் பாடப்புத்தகம். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும். பத்து நாள் முகாமில் பேச்சு கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது மட்டும். நான்காம் நாள் தொடங்கி, உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஒவ்வோர் அங்கமாக மனத்தை நகர்த்த வேண்டும். அரிப்பு, சூடு, துடிப்பு, மரத்துப்போதல் எது வந்தாலும் பார். விரும்பாதே, விரட்டாதே. பிறகு தினமும் மூன்று தடவை ஒரு மணி நேரம் கைகால் அசையாமல் உட்கார வேண்டும். முழங்கால் உயிரை வாங்கும். இதில் யாரும் யாரையும் தொட்டுத் தடவி எண்ணெய் தேய்ப்பதில்லை.

அங்கே எல்லாமே எனக்கு உவப்பானது என்று சொல்லவில்லை. மாலை உரைகள் எனக்கு நீளம். இது முழுக்க விஞ்ஞானம் என்ற அவருடைய வாதத்தையும் நான் அப்படியே விழுங்குவதில்லை. உதவி ஆசிரியர்கள் கேசட் போட்டு ஓட்டுகிறார்கள் என்று கேலி செய்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதை மட்டும் கேலிக்காரர்கள் சொல்வதில்லை.

'கட்டணம் வாங்காமல் எப்படி ஐயா நடத்துவது?' என்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டார். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது இருக்கிறது, போய்ப் பாருங்கள். தங்க, சாப்பிட, கற்க ஒரு பைசா கேட்பதில்லை. ஒரு முகாமையாவது முடித்தவர் விரும்பிக் கொடுத்தால்தான் நன்கொடை. யோகா மாஸ்டர் பீஸ் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கிறது. புத்தரை முன்னால் நிறுத்திவிட்டு நோய்க்கு உத்தரவாதம் விற்பதுதான் பிரச்சினை.

ஏன் இவ்வளவு கோபம் என்பீர்கள். என்னிடம் படித்த ஒருவனின் தாயார் இப்படி ஒரு 'குறுகிய காலப் பயிற்சி'யில் சேர்ந்தார். மூச்சே மருந்து என்று சொல்லி, ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மூன்றே வாரம். குளியலறையில் விழுந்து, பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தார். 'முழு நம்பிக்கையோடு செய்யவில்லை' என்று அந்தப் பயிற்சியாளர் குழுவில் பதில் போட்டார். விபாசனா விண்ணப்பத்தில் என்ன நோய், என்ன மருந்து என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். தீவிர மனநோய்க்கு இது வைத்தியம் அல்ல என்றும் வெளிப்படையாகச் சொல்வார்கள்.

என் பழைய மாணவர்கள் யாராவது சேரப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் அந்த எண்ணுக்குப் போன் போடுங்கள். 'நீங்கள் யாரிடம், எத்தனை வருடம் உட்கார்ந்தீர்கள்?' என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள்.