பாசி பறிப்பவர்களே பாசிக்குக் காவல்

கேள்வி: ‘‘கடற்பாசி உரம் தெளித்தால் நெல் நன்றாகத் தூர்கட்டும் என்று உரக்கடையில் சொல்கிறார்கள். இந்தப் பாசி எங்கிருந்து வருகிறது? எல்லோரும் வாங்க ஆரம்பித்தால் கடலில் தீர்ந்துபோகாதா? ராமநாதபுரம் கடற்கரையில் ஒதுங்கும் பாசியை வண்டியில் ஏற்றி வந்து தென்னைக்குப் போடலாமா?’’
- வாசகர், மேலூர் வட்டாரம்.

பதில்: சந்தைக்கு இரண்டு விதமான பாசி வருகிறது. ஒன்று, மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் தானாக வளரும் நாட்டுப் பாசி. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அங்குள்ள மக்கள் பெயர் சொல்வார்கள். முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள். நோன்புக் காலத்தில் பாலில் காய்ச்சி உறைய வைக்கும் ‘கடல்பாசி’ அதுதான். திசு வளர்ப்பு வாழைக்கன்று ஆய்வகக் குப்பிக்குள் நிற்பதும் அகர் கூழில்தான். மதுரைப் பகுதி அகர் ஆலைகளுக்கு இந்தப் பாசி பல காலமாக வந்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசி. மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது. பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்ததால் கடலோரத்தில் அதற்கு ‘பெப்சி பாசி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடையில் கிடைக்கும் திரவ உரங்களில் பல இதன் சாற்றிலிருந்து வருபவை.

பாசி தீருமா என்றால், அடியோடு பெயர்த்தால் தீரும். பாசிக்கு நம் பயிரைப் போல வேர் கிடையாது. பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டுப் பறித்தால், அறுத்த கீரை போல மறுபடி துளிர்க்கும்.

இது பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாசி பறிப்பவர்கள் அவர்கள். 1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. தலைமுறையாகப் பறித்த இடத்துக்குப் போவதே குற்றம் என்றானது. வனத்துறையோடு தகராறு வந்தது. பிழைப்பும் ஆட்டம் கண்டது.

பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்பதால், அந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டி கூடாது, கையால் மட்டும் பறிக்க வேண்டும். மாதத்தில் 12 நாள்தான் பறிக்க வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்குள் இறங்கக் கூடாது. இந்த முயற்சியில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் விருது 2015-ல் கிடைத்தது.

பசிபிக் கடலின் ஹவாய்த் தீவுகளிலும் இதே பாடம் உண்டு. அங்கே பாசிக்கு ‘லிமு’ என்று பெயர், சாப்பாட்டோடு சேர்ந்தது. நுனியைக் கிள்ளு, அடியை விடு, பறித்ததைக் கடலிலேயே அலசு என்பது அங்குள்ள பெரியவர்கள் சொல்லித்தந்த முறை. அலசும்போது உதிரும் வித்துகள் கடலுக்கே திரும்பிவிடும். குறைந்துபோன நாட்டுப் பாசியை ஊர்மக்களே மீண்டும் நட்டு வளர்க்கிறார்கள். 2022-ஐ அங்குள்ள அரசு லிமு ஆண்டாக அறிவித்தது.

ஹவாயில் இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. 1970-களில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ், பிறகு பவளப் பாறைகளை மூட ஆரம்பித்தது. அதை உறிஞ்சி எடுக்க இயந்திரமும், தின்று தீர்க்க கடல் முள்ளெலிகளும் தேவைப்பட்டன. நம் பக்கம் குருசடைத் தீவின் பவளப் பாறைகளில் இதே பாசி படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். விறகுக்கு ஆகும் என்று வந்த சீமைக்கருவேலம் நம் கண்மாய்களை என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிதவையில் வளர்ப்பது பல குடும்பங்களுக்கு வருமானம் தருகிறது. ஆனால், பவளப் பாறைக்கு எட்டாத இடத்தில், அறுந்த துண்டுகளைக் கடலில் விடாமல் செய்ய வேண்டிய தொழில் அது.

இனி உங்கள் வயலுக்கு வருவோம். கடற்பாசிச் சாறு ஓர் ஊக்கி. தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு மாற்று அல்ல. பொதுவாக லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி கலந்து, தூர்கட்டும் பருவத்திலும் பூக்கும் முன்பும் காலை அல்லது மாலையில் தெளிக்கலாம். பொருளுக்குப் பொருள் அடர்த்தி மாறும் என்பதால், லேபிளில் உள்ள அளவே முடிவானது. 2021 முதல் இத்தகைய ஊக்கிகள் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. அந்த விவரம் இல்லாத பாட்டிலையும், பில் தராத கடையையும் தவிர்த்துவிடுங்கள். முதல் முறை ஒரு பாத்தியில் மட்டும் தெளித்து, தெளிக்காத பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்த்தபின் மற்றதற்கு வாங்குங்கள்.

தென்னைக்கு, கரை ஒதுங்கிய பாசியைக் கடலோர விவசாயிகள் போடுவது உண்டு. நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, சாணத்தோடு மக்க வைத்துத்தான் போட வேண்டும். ஈரப் பாசியில் பெரும்பங்கு தண்ணீர்தான்; அதை மேலூர் வரை கொண்டுவரும் வண்டி வாடகைக்கு உள்ளூரிலேயே தொழுவுரம் வாங்கிவிடலாம். உப்புத் தண்ணீர் பாயும் தோட்டமாக இருந்தால் பாசி வேண்டவே வேண்டாம். பூங்கா எல்லைக்குள் எதையும் அள்ளுவது சட்டப்படி குற்றம்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் பாசிக் கணக்கு பொருந்தும். எவ்வளவு வண்டல் அள்ளலாம், எப்போது மீன் பிடிக்கலாம், எந்தப் பள்ளத்தில் விதைமீனை விட வேண்டும் என்பதை அந்தத் தண்ணீரை நம்பியிருப்பவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தால் அது நிற்கும். இந்த ஆண்டு கண்மாய் வற்றும் முன்பே அந்தக் கூட்டத்தைப் போட்டுவிடுங்கள்.