படகுக்குத் தறப்பாள் ஆகாது

இங்கே ரொறன்ரோவில் ஒக்ரோபர் பிறந்தால் ஒன்ராறியோ ஏரிப் படகுகள் ஒவ்வொன்றாய்த் தரைக்கு ஏறத் தொடங்கும். எஞ்சினுக்குள் உறையாத திரவம் ஊற்றி, வெள்ளைப் பிளாஸ்ரிக்கால் இறுக்கிச் சுற்றி, ஏப்ரல் மட்டும் விட்டுவிடுவார்கள். பனிக்கு அது சரி. ஆனால் அதே கைநூலைத் தூக்கிக்கொண்டு ரங்கூனுக்குப் போய் (இப்போது யங்கோன் என்கிறார்கள், என் வாய்க்கு ரங்கூன்தான் வருகிறது) அதேமாதிரிச் சுற்றிவைக்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கொரோனாவுக்கு முன்னம் வேலை நிமித்தம் அங்கே இரண்டு மழைக்காலம் இருந்தேன். ஆற்றுக்கு அக்கரையில் டலா. ஐராவதி புளொட்டில்லாக் கம்பனியின் பெரிய கப்பல் பட்டறை இருந்த இடம். 1948இல் அந்தக் கம்பனியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அந்தக் கரையில் ஒரு ஐரோப்பியரின் மரப் பாய்ப்படகு, முப்பது அடி இருக்கும். மே மாதம் தறப்பாளால் ஒரு ஈர்க்குப் போக இடமில்லாமல் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஒக்ரோபர் கடைசியில் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். மெத்தை, மடித்து வைத்த பாய், வரைபடம் எல்லாவற்றிலும் பூஞ்சணம். மேல்தட்டுக்குக் கீழே ஒரு பலகையில் தச்சர் திறப்பால் குத்தினார். வெண்ணெய்க்குள் போவதுபோலப் போனது.

முகாமில் தறப்பாளுக்குக் கீழே ஒரு மாரி கழித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மழை வெளியே பெய்யும், வேர்வை உள்ளே பெய்யும். ரங்கூனில் வருசத்துக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீற்றர் மழை. அதில் மிகப் பெரும்பகுதி மே தொடக்கம் ஒக்ரோபருக்குள். யாழ்ப்பாணத்து மழையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மழை விட்ட நேரம் வெயில் பிளாஸ்ரிக்கைச் சூடாக்க, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகித் திரும்பப் பலகையிலேயே படிகிறது. மரத்தைக் கெடுப்பது கடல்தண்ணீர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உப்புத் தண்ணீரில் மரத்தைத் தின்ன வேறு புழு இருக்கிறது, ஆனால் பலகையை உக்கவைக்கும் பூஞ்சணத்துக்கு நல்லதண்ணீர்தான் வேண்டும். அதனால்தான் பழைய மரக்கப்பல்களில் சட்டங்களுக்கு இடையில் உப்பைக் கொட்டி வைப்பார்கள்.

அங்கத்தைய ஆட்கள் செய்வது வேறு. பறுவத்தையோ அமாவாசையையோ ஒட்டி வருகிற பெரிய வெள்ளத்தில் படகை உள்ளே கொண்டுவருவார்கள். ரங்கூன் ஆற்றில் அந்த நாட்களில் நீர் ஐந்து மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும், ஆகவே வற்றும்போது படகு தானாகவே தாங்குகட்டையில் குந்திவிடும். பாரம் முழுக்க அடிமரத்தில் இருக்கவேண்டும். பக்கத்து முட்டு சரியாமல் பிடிப்பதற்கு மட்டும்தான். அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அடியில் இருக்கிற அடைப்பானைக் கழற்றிவிட்டால் உள்ளே விழுந்த மழைத்தண்ணீர் தானாய் ஓடும். முட்டுக்கால்களில் கழிவு எண்ணெய் பூசவேண்டும், இல்லாவிட்டால் கறையான் ஏறும். தேக்கை அது இலேசில் தொடாது, ஆனால் எல்லாப் படகும் முழுத்தேக்கு இல்லையே.

மூடுவதற்குக் கூரைதான். ஆற்றோரச் சேற்றில் வளரும் நீப்பனை ஓலை (பர்மியர் 'டனி' என்பார்கள்) வேய்ந்து, படகுக்கு மேலே ஆள் குனிந்து நடக்கிற அளவு இடைவெளி விட்டு, இரண்டு பக்கமும் திறந்தபடி. எங்கட கிடுகுக் கொட்டில்தான் இது. காற்று ஊடறுத்துப் போகும். பாய்களை நல்லதண்ணீரில் அலசி, காயவைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். பற்றரியும் அப்படியே. டீசல் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே தண்ணீர் வேர்க்க இடம் குறையும்.

இதெல்லாம் சித்திரை வருசப்பிறப்போடு முடிந்திருக்கவேண்டும். நர்கிஸ் புயல் 2008 மே 2ஆம் திகதி கரையைக் கடந்து அன்றிரவே ரங்கூனைப் பிய்த்தது. மழைக்காலம் வரட்டும், பார்ப்போம் என்று ஆற்றில் கட்டிவைத்திருந்த எத்தனையோ படகுகள் தாண்டுபோயின. ஏற்றிய படகையும் நிலத்தில் அறைந்த முளையோடு கட்டவேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாய்ப் படுவது ஆள். கிழமைக்கு ஒருதரம் வந்து, மூடிகளைத் திறந்து, முட்டைத் தட்டிப்பார்த்து, எலி இருக்கிறதா என்று பார்க்கிற ஒருவர். பிளாஸ்ரிக்குக்குக் கொடுக்கிற காசை அந்த ஆளுக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். ஆறு மாதம்தானே என்பார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் விமானங்கள் நின்றன. 2021 பெப்ரவரி 1ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆறு மாதம் எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? மயிலிட்டிச் சனம் 1990இல் வெளிக்கிட்டபோது வள்ளங்களைக் கரையில் இழுத்து விட்டுவிட்டு, ரெண்டு கிழமையில் வருவோம் என்றுதான் வந்தது. துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017இல். பலகை எங்கே, ஆணி எங்கே?

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அம்மாள் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் போய்ச் சேர்ந்ததை நாங்கள் விழா மலர் விழா மலராய் எழுதுகிறோம். எழுதவேண்டியதுதான். ரங்கூனுக்கும் அக்யாப்புக்கும் அரிசிக்கும் தேக்குக்கும் போய்வந்த அவளின் கூட்டாளிக் கப்பல்களைப் புயற்காலத்தில் எப்படி வைத்துப் பார்த்தார்கள், கலப்பற்றுக்கு எந்தப் பஞ்சு, எவ்வளவு குங்கிலியம், எந்த எண்ணெய் என்று ஒரு மலரிலும் நான் காணவில்லை. அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இன்னும் ஓரிருவர் இருக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் கோயில் திருவிழாவை எடுக்கிற கமராவால் அவர்களையும் ஒரு மணித்தியாலம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாய் ஒன்று. நவம்பரில் படகைத் திரும்ப இறக்கும்போது தண்ணீர் உள்ளே வரும். கூரைக்குக் கீழே காய்ந்த பலகை சுருங்கியிருக்கும், பயப்படவேண்டாம். இரண்டு நாளைக்கு இறைத்துக்கொண்டே கரையோரம் கட்டி வையுங்கள். பலகை ஊறிப் பொருத்து அடைபடும். மூன்றாம் நாளும் அதே அளவு வந்தால் மட்டும் கலப்பற்றுக்காரரைக் கூப்பிடுங்கள்.