ஓட ஆசையா? பாதத்திடம் அனுமதி வாங்கிவிட்டீர்களா?

கிராமத்துச் சாலையில் விடியற்காலையில் ஒருவர் ஓடினால், போலீஸ் தேர்வுக்கோ ராணுவத்துக்கோ தயாராகிறார் என்றுதான் நினைப்போம். இப்போது சுகர், பி.பி. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய நாற்பது வயதுக்காரர்களும் ஓடக் கிளம்புகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால், முதல் வாரம் உற்சாகம், இரண்டாம் வாரம் குதிகால் வலி, மூன்றாம் வாரம் ஷூ பரணில் என்று பலருடைய ஓட்டம் முடிந்துவிடுகிறது. அவர்களை நிறுத்தியது மூச்சு அல்ல, பாதம்.

கலசப்பாக்கம், ஆரணி, தேவிகாபுரம் என்று பட்டுத்தறி ஓசை கேட்கும் இந்தப் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். குழித்தறியில் உட்காருகிறவரின் கால், நாள் முழுக்க மிதிக்கட்டையை மிதிக்கிறது. 'எங்க காலுக்கு இல்லாத பயிற்சியா?' என்று தோன்றும். ஆனால், கால் அசைகிறதே தவிர, உடம்பின் எடை அதன் மேல் இல்லை. எடை முழுவதும் உட்காரும் இடத்தில்தான். தையல் மெஷின், கடை கல்லா, கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்கும் இதே கதைதான்.

நடை வேறு, ஓட்டம் வேறு

'பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறோம். ஓட முடியாதா?' என்று கேட்கலாம். நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பி, மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறது. அப்போது உடல் எடையைப்போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் விழும். 70 கிலோ எடை உள்ளவரின் ஒரு பாதம் ஒவ்வொரு அடிக்கும் 140 கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைக் கட்டிவைத்திருக்கும் தசைநார்கள் மெதுவாகத்தான் பழகும். நான்கைந்து வாரத்தில் மூச்சு வாங்குவது குறைந்துவிடும். ஆனால், தசைநாரும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும். 'இப்பதான் மூச்சு வாங்கலையே' என்று தூரத்தைக் கூட்டுகிற அந்த வாரத்தில்தான் பாதம் அடிபடுகிறது.

முதல் 9 வாரம்

1996-ல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஓடியே பழக்கமில்லாதவர்களுக்காக ஓர் எளிய அட்டவணை போட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவையும் மனதில் வைத்துத்தான் போட்டார். இன்று உலகம் முழுக்கப் பிரபலமாக இருக்கும் அந்த முறை இதுதான்:

* வாரத்தில் 3 நாள் மட்டும். நடுவில் ஒரு நாளாவது ஓய்வு.
* முதலில் 5 நிமிடம் வேகநடை.
* பிறகு 60 விநாடி மெதுவான ஓட்டம், 90 விநாடி நடை. இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம்.
* வாரா வாரம் ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைத்து, 9-வது வாரத்தில் நிற்காமல் அரை மணி நேரம்.

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால், அதே வாரத்தை இன்னொரு முறை செய்யுங்கள். யாரும் விரட்டவில்லை. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுதான் சரியான வேகம்.

எங்கே ஓடுவது? சமமான மண் பாதை, பள்ளி மைதானம் நல்லது. ஆற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று செய்யாற்றில் இறங்க வேண்டாம். ரத சப்தமி தீர்த்தவாரிக்கு அந்த மணலில் நடந்தவர்களைக் கேளுங்கள், மறுநாள் கெண்டைக்கால் எப்படி இழுத்தது என்று சொல்வார்கள். குதிகால் புதையப் புதைய, பின்னங்கால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநார் அளவுக்கு மேல் இழுபடும்.

ஷூவா, வெறுங்காலா?

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். ஆனால், அவர் வெறுங்காலில் ஓடிப் பழகியவர். 1964 டோக்கியோவில் அவரே ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். கண்ணாடித் துண்டும் கருவேல முள்ளும் கிடக்கும் சாலையில், புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஷூதான் பாதுகாப்பு.

ஷூவை மாலையில் வாங்குங்கள். அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கி இருக்கும். இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். 'போடப் போட லூஸாகிடும்' என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த ஜோடியைக் கேளுங்கள். விலை அதிகமாக இருப்பதைவிட, காலுக்குச் சரியாக இருப்பதுதான் முக்கியம். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் வரவைக்கும். வியர்வை உலரும் ஸ்போர்ட்ஸ் சாக்ஸ் நல்லது.

தினமும் 5 நிமிடம்

* ஓடி வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண்.
* பித்தவெடிப்பு இருந்தால் இரவில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம்.
* நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தைக் குடைந்தால் நகம் சதைக்குள் வளரும்.
* சுவரில் கையூன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி 30 விநாடி நில்லுங்கள். காலுக்கு மூன்று முறை.

எந்த வலிக்கு என்ன செய்வது?

தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக வலித்து, இரண்டு நாளில் போனால் அது பழக்கமில்லாத வலி. பயம் வேண்டாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் குதிகால் குத்தினால், உள்ளங்கால் சவ்வு இழுபட்டிருக்கலாம். ஓட்டத்தைக் குறைத்துவிட்டு, கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைக் கூட்டுங்கள். விரலால் தொட்டுக்காட்டும்படி எலும்பில் ஒரே இடத்தில் வலித்து, ஓட ஓடக் கூடினால் உடனே நிறுத்துங்கள். அது எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

வலிக்காத பாதம்தான் ஆபத்து

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. வலி தெரியாமல் போவதால், காயம் பட்டது அறியாமல் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் மிதிப்பதுதான் பாதத்தைக் கெடுக்கிறது என்று அவர் காட்டினார். நல்ல பாதம், ஓரிடம் நொந்தால் தன்னையறியாமல் அடுத்த இடத்தில் ஊன்றும். உணர்வு போன பாதம் அப்படி மாற்றிக்கொள்ளாது. அந்தப் பாதங்களுக்காகப் பயன்பாட்டுக்கு வந்ததுதான் எம்.சி.ஆர். எனும் மெத்தென்ற ரப்பர் செருப்பு.

பல வருடமாகச் சுகர் இருப்பவர்களுக்கும் இப்படி உணர்வு குறையலாம். 'எனக்குக் காலே வலிக்காது' என்று அவர் பெருமையாகச் சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டும். சுகர் உள்ளவர்கள் ஓடத் தொடங்கும் முன்பு, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனைதான், வலிக்காது. இதற்காகவே தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் இருக்கிறது. உணர்வு குறைந்திருந்தால் ஓட்டத்துக்குப் பதில் என்ன செய்யலாம் என்று டாக்டரே சொல்வார். அவர்கள் வெயிலில் சுடும் சாலையில் வெறுங்காலோடு நடப்பதும் வேண்டாம்.

வலி தெரிகிறவர் வலி சொல்வதைக் கேட்க வேண்டும். வலி தெரியாதவர் கண்ணால் பார்க்க வேண்டும். இன்று இரவு படுக்கும் முன்பு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் காலையும் பார்த்துவிடுங்கள். ஷூ வாங்குவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.