நிரல் தேர்வு: தாளிலா, கணிப்பொறியிலா?

2025 பிப்ரவரியில், மைசூரிலுள்ள இன்போசிஸ் பயிற்சி வளாகத்தில், மூன்று முறை முயன்றும் உள்மதிப்பீட்டில் தேறாத புதிய பட்டதாரிகள் 300-க்கும் மேற்பட்டோர் பணியிழந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. அந்நடவடிக்கை முறையானதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பட்டத்திற்கு முன் நடைபெறும் நிரல் தேர்வுகள் எதனை அளக்கின்றன என்னும் வினா கல்வியாளர் முன் எழுகிறது.

மைசூர்ப் பொறியியல் கல்லூரிகளிற் பல, 1998-இல் நிறுவப்பட்ட விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. அதன் 2018-ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் பாடத்தேர்வு கையால் எழுதப்படுவது. செய்முறைத் தேர்வு கணிப்பொறியில் நடத்தப்படுவது.

தாளில் நிரல் எழுதும் வழக்கம் தேவையினால் தோன்றியது. 1963-இல் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி நிறுவப்பட்ட காலத்தில், தாளில் எழுதிய நிரலை அட்டைகளில் துளையிட்டு, முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இன்றோ பிழையைக் கணிப்பொறி நொடியிற் காட்டுகிறது. விடுபட்ட ஓர் அரைப்புள்ளிக்காக மதிப்பெண்ணைக் குறைக்கும் ஆசிரியர், பொறி செய்யும் பணியையே செய்கிறார்.

ஆயின், மாணவரைக் கணிப்பொறியின் முன் அமர்த்துவதனால் மட்டும் குறை தீராது. மேற்கூறிய பாடத்திட்டப்படி, செய்முறைத் தேர்வில் மாணவர் பாடத்திட்டத்திலுள்ள பயிற்சிகளுள் ஒன்றைச் சீட்டெடுத்துப் பெறுவர். பட்டியல் முன்னரே தெரியுமாதலால், அனைத்தையும் மனப்பாடம் செய்தவரும் வெற்றி பெறலாம். நிரல் சிந்தனையில் விளைந்ததா, நினைவில் விளைந்ததா என்பதைப் பொறி கூறாது.

அமெரிக்காவில், பள்ளி மாணவர் கல்லூரித் தரத்தில் எழுதும் கணிப்பொறி அறிவியல் தேர்வு 2025-இல் முழுமையாகத் திரைக்கு மாறியது. ஆனால், எழுதிய நிரலை இயக்கிப் பார்க்கும் வசதி அங்கு அளிக்கப்படவில்லை. எழுதுகோலுக்குப் பதிலாக விசைப்பலகை வருவதனால் மட்டும் தேர்வின் இயல்பு மாறிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

ஆகவே, இரு முறைகளுக்கும் உரிய பணியைப் பிரித்தளித்தல் நன்று. நிரலைப் படித்து அதன் விளைவைக் கூறுதல், தீர்வு வழியைத் தேர்ந்து காரணம் காட்டுதல் ஆகியவற்றிற்குத் தாளே போதும். முன்னர்க் கண்டிராத கணக்கிற்கு நிரல் எழுதி, இயக்கி, சோதித்து, திருத்துதல் கணிப்பொறியில் நடைபெறல் வேண்டும். இதற்கு மாற்று மின்வசதியும், வெளித்தொடர்பற்ற பொறிகளும், ஒவ்வொரு பிரிவினருக்கும் தனி வினாத்தாளும் தேவை, செலவு சிறிதன்று.

ஆனால், உள்மதிப்பீட்டைச் சீர்செய்ய ஆசிரியர் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. பிழையுள்ள இருபது வரி நிரலொன்றைக் கொடுத்து, பிழையைக் கண்டறிந்த விதத்தை மாணவர் விளக்குமாறு செய்யலாம். மாணவரின் குறையை அவருக்குக் கல்லூரியிலேயே உணர்த்துவது, பணியிடத்தில் உணர்த்தப்படுவதை விடக் கருணையுடையது.