மறுப்பதற்கும் ஒரு விலை

அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் காலணியைக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. 2001 டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிபொருளை மறைத்து விமானம் ஏறியதன் தொடர்ச்சியாக உருவாகி, 2006-இல் எல்லாருக்கும் கட்டாயமாக்கப்பட்ட விதி அது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தொல்லை ஒழிந்ததில் பயணிகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அதே சோதனைச் சாவடியில் அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று பதினைந்து ஆண்டுகளாக நீடிக்கிறது. முழு உடல் ஸ்கேனருக்குள் செல்ல விரும்பாதவர், அதற்குப் பதிலாகச் சோதனை அலுவலர் தன் உடலைக் கையால் தடவிச் சோதிக்க உடன்பட வேண்டும் என்பதே அது.

இது எவ்வாறு வந்தது என்பதை நினைவுகூர்வது நல்லது. 2009 டிசம்பர் 25 அன்று, ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில் நைஜீரிய இளைஞர் ஒருவர் உள்ளாடைக்குள் தைத்து வைத்திருந்த வெடிபொருளைப் பற்ற வைக்க முயன்றார். உலோகம் அல்லாத அந்தப் பொருளை, உலோகம் கண்டறியும் வாயிலால் காட்டிக்கொடுக்க முடியாது. 2001 நவம்பரில் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்ட அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், உடனே முழு உடல் ஸ்கேனர்களைப் பெருமளவில் நிறுவத் தொடங்கியது. அவற்றில் ஒரு வகை எக்ஸ் கதிரையும், மற்றொரு வகை மில்லிமீட்டர் அலையையும் பயன்படுத்தின. ஆடைக்கு அடியிலுள்ள உடலின் வடிவம் தனியறையில் அமர்ந்திருக்கும் அலுவலரின் திரையில் தெரிந்தது.

அதுவரை கையால் சோதிப்பது ஓரளவு மென்மையாகவே இருந்தது. உடலின் அந்தரங்கப் பகுதிகளில் புறங்கையை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நடைமுறை. 2010 அக்டோபர் இறுதியில் அது மாறியது. உள்ளங்கையாலும் விரல்களாலும் தொடையின் உட்புறம் வரை தடவிப் பார்க்கும் புதிய முறை வந்தது. ஸ்கேனர் கண்டுபிடிப்பதைக் கையும் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா என்பது நிர்வாகத்தின் விளக்கம். அந்த விளக்கத்தில் தர்க்கம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் என் கண்ணில் படுவது வேறொன்று. ஒரு பொருளை விற்க விரும்புபவரிடமே அதற்கு மாற்றாக உள்ள பொருளின் விலையை நிர்ணயிக்கும் அதிகாரமும் இருந்தால் என்ன நடக்குமோ, அதுவே அங்கு நடந்தது. இங்கே விலை பணமாக வசூலிக்கப்படவில்லை. காத்திருப்பாகவும் கூச்சமாகவும் வசூலிக்கப்பட்டது.

அந்த விலை எப்படிப்பட்டது? ஸ்கேனர் வேண்டாம் என்று சொன்னவுடன் பயணி ஓரமாக நிறுத்தப்படுவார். அவருடைய பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் ஒருவர் வர வேண்டும். அவர் வரும்வரை பயணியின் கைப்பையும் கடவுச்சீட்டும் கைப்பேசியும் நகரும் பட்டையின் மறுமுனையில் கேட்பாரற்றுக் கிடக்கும். அலுவலர் வந்தபின், எந்தெந்த இடத்தை எப்படித் தொடப்போகிறேன் என்று விளக்குவார். தனியறை வேண்டுமா என்று கேட்பார். சோதனை முடிந்ததும் கையுறையை ஒரு துணித் துண்டால் துடைத்து, வெடிபொருளின் சுவடு உள்ளதா என்று கருவியில் பார்ப்பார். ஆள் இருந்தால் ஐந்து நிமிடம். ஆள் இல்லாவிட்டால், விமானம் தவறிவிடுமோ என்ற கவலையோடு சுவரோரம் நிற்க வேண்டியதுதான்.

நீரிழிவுக்காகக் கையில் உணரி பொருத்தியிருக்கும் என் மனைவி, மகள் வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் இம்முறையையே கேட்டுப் பெறுகிறார். இத்தகைய உணரிகளையும் இன்சுலின் பம்புகளையும் ஸ்கேனருக்குள் கொண்டுசெல்ல வேண்டாம் என்று சில தயாரிப்பாளர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஒருமுறை வந்த பெண் அலுவலர் ஒவ்வோர் இடத்திலும் அனுமதி கேட்டே தொட்டார். 'அம்மா, வலிக்கிறதா' என்பதுபோல் ஏதோ ஆங்கிலத்தில் கனிவாகக் கேட்டார். அவர்மீது குறை ஒன்றும் இல்லை. கனிவான அலுவலர் கிடைப்பது பயணியின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது என்பதுதான் குறை.

2010 நவம்பர் 24 அன்று, நன்றி நவிலல் திருநாளுக்கு முந்தைய நாளில், நாடெங்கும் பயணிகள் ஸ்கேனரை மறுக்க வேண்டும் என்று ஓர் அழைப்பு விடுக்கப்பட்டது. ஆண்டிலேயே நெரிசல் மிகுந்த பயண நாள்களில் ஒன்று அது. வரிசைகள் ஸ்தம்பிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. மறுத்தவர்கள் மிகச் சிலரே. உடனே, மக்கள் ஸ்கேனரை ஏற்றுக்கொண்டுவிட்டனர் என்ற முடிவுக்குப் பலர் வந்தனர்.

பால் சாமுவேல்சன் 1938-இல் முன்வைத்த 'வெளிப்படுத்தப்பட்ட விருப்பம்' என்ற கருத்தைத்தான் அவர்கள் அறிந்தோ அறியாமலோ பயன்படுத்தினர். ஒருவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதையே விரும்புகிறார் என்று கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆனால், அந்தத் தேர்வு எந்த விலைகளுக்கு நடுவே செய்யப்பட்டது என்பதைப் பார்க்காமல் அக்கருத்தைப் பயன்படுத்தக்கூடாது என்று முதலாம் ஆண்டு மாணவனுக்கே சொல்லித் தருகிறோம். விடுமுறைக்குத் தாய் வீட்டுக்குப் போகக் குழந்தைகளோடு வரிசையில் நிற்பவர், அந்நியர் கை தன்மேல் படுவதைவிட ஸ்கேனரே மேல் என்று நினைத்தால், அதிலிருந்து அவர் ஸ்கேனரை விரும்பினார் என்று தெரிய வராது. இரண்டில் அதற்கு விலை குறைவு என்பது மட்டுமே தெரிய வரும். அதே மாதத்தில் வெளியான ஏபிசி - வாஷிங்டன் போஸ்ட் கருத்துக் கணிப்பில் 64 சதவீதத்தினர் ஸ்கேனரை ஆதரித்தனர். கையால் செய்யும் புதிய சோதனை எல்லை மீறுகிறது என்று பாதிப் பேர் கூறினர்.

இந்த வாதம் ஏட்டளவில் நின்றிருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 2011 ஜூலையில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஸ்கேனர்களுக்கு எதிரான வழக்கில் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் இத்திட்டத்தைக் கொண்டுவந்தது தவறு என்று நிர்வாகத்தைக் கண்டித்தது. ஆனால், நியாயமற்ற சோதனையைத் தடை செய்யும் அரசமைப்புச் சட்டத்தின் நான்காவது திருத்தத்தை ஸ்கேனர் மீறவில்லை என்றும் கூறியது. அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று கவனிக்கத்தக்கது. விரும்பாத பயணி கையால் சோதிக்கப்படுவதைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டில் எது குறைவாக ஊடுருவுகிறது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம் என்றது நீதிமன்றம். அதாவது, ஸ்கேனரின் சட்டத் தகுதிக்கு முட்டுக்கொடுத்த தூண்களில் ஒன்று பயணியின் மறுப்புரிமை.

நான்கரை ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், அந்தத் தூணையே நிர்வாகம் சற்று நகர்த்தியது. பொதுவாக மறுக்கலாம், ஆனால் பாதுகாப்புக் காரணம் இருப்பின் சில பயணிகளுக்கு ஸ்கேனரைக் கட்டாயமாக்கலாம் என்று விதியைத் திருத்திக்கொண்டது. நீதிமன்றம் கேட்கச் சொன்ன பொதுமக்கள் கருத்து 2013-இல்தான் கேட்கப்பட்டது. இறுதி விதி 2016 மார்ச்சில் வந்தது. கட்டடம் கட்டிக் குடியேறிய பிறகு வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கும் வழக்கம் நமக்கு மட்டுமே உரியது அன்று போலும்!

நியாயமாகச் சொன்னால், எதிர்ப்பு வீண்போகவில்லை. உடலின் வடிவத்தைக் காட்டாமல் பொதுவான ஒரு மனித உருவத்தின்மேல் சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டும் குறித்துக் காட்டும் மென்பொருளை நாடாளுமன்றம் கட்டாயமாக்கியது. அதைச் செய்ய முடியாத எக்ஸ் கதிர் கருவிகள் 2013-க்குள் அகற்றப்பட்டன. அந்தக் கதிரின் அளவு, உயரே பறக்கையில் சில நிமிடங்களில் நம்மேல் படுவதற்குச் சமம் என்றே சொல்லப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2011-லேயே அவ்வகைக் கருவிகளை ஒதுக்கிவிட்டது. இன்றுள்ள மில்லிமீட்டர் அலைக் கருவிகளைக் கதிர்வீச்சு அச்சத்தால் மறுக்க வேண்டிய அவசியம் இல்லை.

தேர்வு பற்றிய இந்தப் பேச்சு முழுவதிலும் இடமே இல்லாத சிலர் இருக்கிறார்கள். ஸ்கேனர் வழியே சென்றாலும் அவர்களைக் கருவி சும்மா விடாது. செயற்கைக் கால் பொருத்தியவர், வயிற்றில் கழிவுப் பை அணிந்தவர், தலைப்பாகை கட்டியவர், அடர்ந்த பின்னல் உடைய கறுப்பினப் பெண் ஆகியோருக்கு இரண்டு சோதனைகளும் சேர்ந்தே வாய்க்கின்றன. 2010 நவம்பரில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒருவரின் சிறுநீர்ப் பை சோதனையின்போது கழன்று, நனைந்த உடையோடு அவர் விமானம் ஏற நேர்ந்தது. நிர்வாகத்தின் தலைவரே அவரிடம் வருத்தம் தெரிவித்தார். திருநங்கையர் நிலை இன்னொரு வகை. வருபவர் ஆணா பெண்ணா என்பதைத் தோற்றத்தை வைத்து ஊகித்து, நீலப் பொத்தானையோ இளஞ்சிவப்புப் பொத்தானையோ அலுவலர் அழுத்துவார். ஊகம் பொருந்தாவிட்டால் கருவி எச்சரிக்கும். பிறகு கைச் சோதனை. இந்தப் பொத்தான்களை ஒழிக்கும் மென்பொருள் 2022-இல்தான் அறிவிக்கப்பட்டது.

நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். 2010 டிசம்பரில், அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் மீரா சங்கர், மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் விமான நிலையத்தில் தனியே அழைக்கப்பட்டுக் கையால் சோதிக்கப்பட்டார். அவர் சேலை அணிந்திருந்ததே காரணம் என்று செய்திகள் கூறின. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. தூதருக்காக ஓர் அரசு பேச முடிந்தது. பேரக் குழந்தையைப் பார்க்கப் போகும் தஞ்சாவூர்ப் பாட்டியின் சேலைக்காக எந்த அரசும் பேசுவதில்லை.

இவ்வளவுக்கும் பலன் என்ன என்று கேட்பது பொருளாதாரம் படித்தவனின் பழக்கம். 2015-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் சொந்தச் சோதனையாளர்கள் போலி ஆயுதங்களையும் வெடிபொருள்களையும் மறைத்துச் சென்றபோது, 70 முறையில் 67 முறை அவர்கள் பிடிபடவில்லை என்ற தகவல் ஊடகங்களில் கசிந்தது. நிர்வாகத்தின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். மறைந்திருக்கும் பொருளைத் தேடும் கருவி தேவையில்லை என்று இதிலிருந்து வாதிட மாட்டேன். சோதனை கடுமையாக இருப்பது ஒன்று, திறமையாக இருப்பது வேறொன்று.

அமெரிக்கா இதற்குக் கண்டுபிடித்திருக்கும் தீர்வு அந்நாட்டின் இயல்புக்கு ஏற்றது. 2013 டிசம்பரில் 85 டாலர் கட்டணத்தில், ஐந்தாண்டுக் காலத்துக்கு 'ப்ரீசெக்' என்ற வரிசை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. விரல் ரேகையையும் பின்னணித் தகவல்களையும் தந்து அதில் சேர்ந்தவர், பெரும்பாலும் பழைய உலோக வாயில் வழியே நடந்து போய்விடலாம். 2024-இல் அதன் உறுப்பினர்கள் இரண்டு கோடியைத் தாண்டினர். உடலைக் காட்டுவதா, தொட விடுவதா என்ற கேள்வியே அவர்களுக்குப் பெரும்பாலும் எழுவதில்லை. முன்பு கூச்சமாக வசூலிக்கப்பட்ட விலை இப்போது டாலராகவும் ஏற்கப்படுகிறது, அவ்வளவுதான். நேரடியாக விண்ணப்பிக்கும் தகுதி அந்நாட்டவருக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்குமே உண்டு. சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் நம் பெற்றோர்களில் பெரும்பாலோர் சாதாரண வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே கையால் சோதிப்பது மாற்று வழி அன்று, அதுவே வழி. சென்னையிலும் மதுரையிலும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் ஆண்களை மேடையில் நிறுத்தியும், பெண்களைத் திரை மறைவில் பெண் காவலரைக் கொண்டும் சோதிக்கின்றனர். எல்லாருக்கும் ஒன்றே என்பதால் அது தண்டனையாகத் தோன்றுவதில்லை. 2019 ஏப்ரலில், 84 விமான நிலையங்களில் 2020 மார்ச்சுக்குள் முழு உடல் ஸ்கேனர் நிறுவ வேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. கெடுவுக்குள் அது நிறைவேறவில்லை. அந்தத் தாமதம் ஒருவகையில் நல்லதே. சேலை மடிப்பைக் கருவி சந்தேகித்தால் என்ன செய்வது, உணரி பொருத்திய பயணி எந்தச் சான்றைக் காட்ட வேண்டும், மறுப்பவருக்காக ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பெண் காவலர்களை நிறுத்துவது, அதுவரை அவருடைய கைப்பை யார் பார்வையில் இருக்கும் என்பவற்றை, கருவிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் அறிவிப்பிலேயே எழுதிச் சேர்க்க இன்னும் அவகாசம் இருக்கிறது.