ஏழாம் வகுப்பு வீட்டுக்கு வந்தபோது

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள், மறுபடி வகுப்பறையில் வந்து உட்கார்ந்தபோது எட்டாம் வகுப்பில் இருந்தார்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு 2021 ஜனவரி 19 அன்றும், ஒன்பது, பதினொன்றுக்குப் பிப்ரவரி 8 அன்றும் பள்ளி திறந்தது. இரண்டாம் அலை ஓய்ந்து செப்டம்பர் 1 அன்று திறந்ததும் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்குத்தான். ஒன்று முதல் எட்டு வரை உள்ளவர்கள் நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். ஆக, அந்தப் பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பு என்ற ஒரு வருடம் பள்ளிக்கூடத்தில் நடக்கவே இல்லை. திண்ணையில், ஆட்டுக்கொட்டகை ஓரத்தில், டவர் கிடைக்கும் ஏரிக்கரையில் நடந்தது. பல வீடுகளில் நடக்காமலே போனது.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவள். கொரோனா காலக் கல்வியைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செல்போனைப் பற்றியும் டேட்டாவைப் பற்றியும் பேசினோம். அந்த நாட்களில் வீட்டில் இருந்த அம்மாவும் அப்பாவும் பாட்டியும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்களே, அவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசவில்லை. நடுநிலை வகுப்புகளில் அந்தத் திகைப்பு மற்ற எல்லா வகுப்புகளையும்விட அதிகமாக இருந்தது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்து எழுதவைக்க, வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க, ஐந்தாவது படித்த அம்மாவால் முடியும். பத்தாம் வகுப்பு என்றால் ஊரே கவலைப்படும். அண்ணன் முறை உள்ளவர்கள் சொல்லித் தருவார்கள், டியூஷனுக்கு வழி பிறக்கும். இடையில் உள்ள ஆறு, ஏழு, எட்டுக்கு இரண்டும் இல்லை. முழுக்கள் வருகின்றன, இயற்கணிதம் வருகிறது. மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது என்று பிள்ளை கேட்டால் அம்மா அந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்கிறார். அதுவரை பிள்ளையின் படிப்பில் அவருக்கு இருந்த கொஞ்ச உரிமையும் அன்றோடு கைவிட்டுப் போகிறது.

ஐந்தாம் வகுப்புவரை ஒரே டீச்சர் எல்லாப் பாடமும் எடுப்பார். ஆறாவதில் பாடத்துக்கொரு ஆசிரியர். பள்ளியில் அது பிள்ளைக்குப் பெருமை. வீட்டிலிருந்து படிக்கும்போது அதுவே பாரமானது. ஒரே வாட்ஸ்அப் குழுவில் தமிழ் ஐயா ஒரு வேலை போடுவார், ஆங்கில டீச்சர் ஒன்று, நான் ஒன்று. மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்பில் படிக்கும் வீட்டில், ஒரே டச் போனில், ஒரு நாளைக்கு எத்தனை செய்திகள் வந்து விழும் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த டச் போனும் வீட்டில் இருந்தால்தான். எங்கள் பக்கத்து ஆண்கள் பாதிப்பேர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். முதல் ஊரடங்கில் ஊர் திரும்பியவர்கள், வேலை தொடங்கியதும் கிளம்பிவிட்டார்கள். போனும் அவர்களோடு போனது. வீட்டில் பட்டன் போன். கல்லூரி மாணவர்களுக்கு 2021 தொடக்கத்தில் அரசு நாளுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. நடுநிலை வகுப்புகளுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டி, எட்டாம் வகுப்புவரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் வரையிலான இரண்டு அமர்வுகளுக்கு மேல் இணையவகுப்பு கூடாது என்றது. நல்ல விதிதான். நேரலை வகுப்பே எட்டாத எங்கள் பிள்ளைகளின் வீட்டில் அந்த விதிக்கு வேலையே வரவில்லை.

கல்வித் தொலைக்காட்சி எங்களுக்குக் கைகொடுத்தது என்பதை நான் எங்கும் சொல்வேன். 2019 ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால்தான் ஊரடங்கில் உடனே பாடம் ஒளிபரப்ப முடிந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிட்ட க்யூஆர் கோடுகளும் இருந்தன. ஆனால் ஏழாம் வகுப்புக் கணக்கு வருகிற அரைமணி நேரத்தில் கரன்ட் இருக்க வேண்டும், டிவி பாட்டி கையில் இல்லாமல் இருக்க வேண்டும், பையன் ஆடு மேய்க்கப் போயிருக்கக் கூடாது, அந்த நேரம் எது என்று வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்து அமைய, வீட்டில் பெரியவர் ஒருவர் வேண்டும். அந்தப் பெரியவரிடம் பேசுவது யார்?

ஒரு மாணவனின் அம்மா கேட்டது எனக்கு இன்றும் மறக்கவில்லை. மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வாங்கப் பள்ளிக்கு வந்திருந்தார். பையன் ஒழுங்காகப் படிக்கிறானா என்று கேட்டேன். "படிச்சியா படிச்சியான்னு நானும் கேக்குறேன் டீச்சர். படிச்சேன்னு சொல்றான். அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது?" என்றார்.

அது நியாயமான கேள்வி. அந்த ஒன்றரை வருடத்தில் பெற்றோர்கள் எங்களிடம் கேட்டதிலேயே முக்கியமான கேள்வியும் அதுதான். "பிள்ளையைக் கவனியுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். கவனிப்பது என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அவரிடம் அன்று இப்படிச் சொன்னேன்: "சாயந்திரம் நோட்ட எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா. இன்னிக்குத் தேதி போட்டிருக்கானான்னு பாருங்க. எந்தக் கணக்கு வரலயோ அத வட்டம் போடச் சொல்லுங்க. வட்டமே இல்லன்னா அவன் செய்யலன்னு அர்த்தம். அடுத்த தடவ அரிசி வாங்க வரும்போது நோட்டையும் எடுத்துட்டு வாங்க, வட்டம் போட்டத நான் பாத்துக்கறேன்." தேதி பார்க்க அவருக்குத் தெரியும். வட்டம் தெரியும். இயற்கணிதம் தெரிய வேண்டியதில்லை.

அதன் பிறகு அரிசி வழங்கும் நாளைத் தலைமையாசிரியர் பெற்றோர் சந்திப்பு நாளாகவே மாற்றினார். வகுப்புவாரியாக நேரம் பிரித்து, வேப்பமரத்தடியில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டோம். அம்மாக்கள் ஒரு கையில் பையும் ஒரு கையில் நோட்டுமாக வந்தார்கள். கூகுள் மீட் எதிலும் நாங்கள் பார்க்காத எண்ணிக்கையில் பெற்றோர்களை அந்த வரிசையில்தான் பார்த்தோம்.

வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி ஒரு குறிப்பேடும் வைத்தோம். அதில் மதிப்பெண் கிடையாது. டச் போன் யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும். பகலில் பிள்ளையோடு இருப்பது யார். அவருக்குப் படிக்கத் தெரியுமா. தெருவில் கல்லூரி படிக்கும் அக்காவோ அண்ணனோ உண்டா. அழைத்துப் பேச ஏற்ற நேரம் எது. இவ்வளவுதான். இதைக் கேட்டு எழுதிய பிறகு நாங்கள் கொடுத்த வேலைகளே மாறின. எல்லா ஆசிரியர்களும் சேர்ந்து வாரத்துக்கு ஒரே தாள் என்று முடிவு செய்தோம். அதில் எல்லாப் பாடமும் இருக்கும். பாட்டிக்கும் புரிகிற மாதிரி என்றைக்கு எது என்று இருக்கும். போன் இல்லாத வீட்டுக்கு அச்சிட்ட தாள் போகும்.

பெங்களூரில் இருக்கும் அப்பாக்களையும் விடவில்லை. ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் ரூமுக்கு வருவார். "தினமும் வீட்டுக்குப் பேசுறீங்க இல்ல? கடைசி அஞ்சு நிமிஷம் பொண்ண தமிழ்ப் புத்தகத்துல ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்க" என்றேன். பட்டன் போனில் நடந்த வகுப்பு அது. அந்தப் பெண் அந்த வருடம் வாசிப்பைத் தவறவிடவில்லை. அப்பாவும் மகளின் படிப்பில் தனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று நினைத்தார். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஒரு விஷயத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் அனுப்பாதவர்களின் பெயர்களைக் குழுவில் பட்டியல் போடும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது, இன்னமும் இருக்கிறது. ரீசார்ஜ் செய்யக் காசில்லாத வீட்டின் பெயர் ஊரார் பார்க்கும் இடத்தில் தொங்கும். அப்படித் தொங்கவிட்ட பிறகு அந்த அம்மா ஆசிரியர் அழைத்தால் போனை எடுக்க மாட்டார். பிள்ளையைக் கண்டிப்பதாக நினைத்துக் குடும்பத்தையே அவமானப்படுத்துகிறோம். அழைத்து, தனியாக, "என்ன ஆச்சும்மா?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.

எல்லாம் செய்தும் சிலரை இழந்தோம். பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்பது அப்படிப்பட்டது. பையன் சித்தாள் வேலைக்குத் தாங்குவான் என்று யாராவது சொல்லும் வயது. பெண் பெரியவளாகி, "எதுக்கு டீச்சர் இனிமே" என்று உறவினர் முணுமுணுக்கும் வயது. பள்ளி திறந்திருந்தால் தினமும் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை அழைத்திருப்போம். வரவில்லை என்றால் மறுநாளே வீட்டுக்குப் போயிருப்போம். மூடிய பள்ளியில் அந்தப் பெயரை அழைக்க யாரும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், தொலைவிலிருந்து கற்பிக்கும் காலத்தில் பாடத்தைவிட முக்கியமானது வாரம் ஒருமுறை வீட்டாரோடு பேசுவது. அந்தப் பேச்சு தொடர்கிற வீட்டில் பிள்ளையை அவ்வளவு சீக்கிரம் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். கேட்க ஒருவர் இருக்கிறார் என்று தெரியும்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் இதைப் புரிந்துகொண்ட திட்டம் என்பது என் கருத்து. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வகுப்பு நடந்தது. ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் அளவில். தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாவது முடித்தவர், நடுநிலை வகுப்புகளுக்குப் பட்டம் பெற்றவர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்த உழைப்புக்கு அது மிகக் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதே தெருவில் வாழ்ந்த பெண்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகி, கல்யாணமாகி, வீட்டோடு இருந்தவர்கள். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள் எங்களிடம் கேட்கத் தயங்கியதை அவர்களிடம் தண்ணீர்க் குழாயடியில் கேட்டார்கள். ஊரடங்கின் முதல் வருடமே அவர்களைத் தேடிப் போயிருந்தால் எத்தனை வீடுகள் தேறியிருக்கும் என்று இப்போதும் வருத்தம் வருகிறது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. பள்ளி மூடுவது கொரோனாவோடு முடியவில்லை. 2024 ஜூனில் வெயில் கடுமையால் பள்ளி திறப்பு 6ஆம் தேதியிலிருந்து 10ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்தது, சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது, தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பட்டது இன்னும் பெரிது. அப்போதெல்லாம் பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். பள்ளிக் குழுக்களில் பிடிஎஃப் வந்து விழுந்தது. புத்தகம் நனைந்துபோன வீட்டுக்கு அந்தக் கோப்பை யார் திறந்து காட்டினார்கள்?

ஒவ்வொரு மூடலிலும் முதலிலிருந்து தொடங்குகிறோம். டச் போன் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரிக்கவே ஒரு வாரம் போய்விடுகிறது. கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பிள்ளையின் ரத்த வகைவரை பதிந்து வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையின் அம்மாவை எத்தனை மணிக்கு அழைத்தால் பேசுவார் என்பது பல பள்ளிகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஆசிரியர் மாறுதலாகிப் போனால், அவர் மனதில் இருந்ததும் அவரோடு போய்விடுகிறது.

பெற்றோர்களே, உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர் உங்களில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவரோடு இதையும் எழுப்புங்கள். பள்ளி ஒரு வாரம் மூடினால் ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளின் வீட்டோடு யார் பேசுவார், எப்போது பேசுவார், போன் இல்லாத வீட்டுக்குத் தாள் யார் கையில் வரும், தெருவில் எந்தப் பட்டதாரிப் பெண் உதவ முன்வருவார் என்று பெயர் பெயராகக் கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே எழுதி முடியுங்கள்.