அளந்தது யார்? அள்ளியது யார்?

ஆற்றை அளந்து விட்டார்களாம்! மலையை அளந்து விட்டார்களாம்! ஜில்லாவில் எத்தனை மணல் இருக்கிறது, எத்தனை கல் இருக்கிறது, எத்தனை கிராவல் இருக்கிறது என்று கணக்கெடுத்து ரிப்போர்ட்டும் தயாரித்து விட்டார்களாம்! ஜில்லா சர்வே ரிப்போர்ட் என்று அதற்குப் பெயர். மில்லில் ஷிப்டு பார்க்கும் தோழருக்கும், வயலில் களை பறிக்கும் பெண் தோழருக்கும் இப்படி ஒரு ரிப்போர்ட் உண்டு என்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் சிலருக்கு நல்லது போலும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜில்லாவின் கலெக்டர் ஆபீசுக்கு நான்கு விவசாயத் தொழிலாளர்களுடன் நாம் சென்றோம். எந்த ஜில்லா என்பது இங்கே முக்கியமல்ல. ரிப்போர்ட்டின் நகலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு அனுப்பினார்கள். கடைசி மேஜையிலிருந்த குமாஸ்தா, "அதெல்லாம் இன்டர்நெட்டில் போட்டாகி விட்டது, பார்த்துக் கொள்ளுங்கள்" என்றார். பார்த்தோம். முழுவதும் இங்கிலீஷ்! நம்முடன் வந்த பெரியவர் கேட்டார்: "ஏங்க, எங்க ஊரு ஆத்தப் பத்தி எழுதுனத நாங்க படிச்சிரக் கூடாதுன்னுதான் இப்படி எழுதி வச்சிருக்காங்களா?" குமாஸ்தாவிடம் பதில் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் மாதச் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டடக் கல், கிராவல், சாதாரணக் களிமண், சாதாரண மணல் இவற்றையெல்லாம் 1957-ம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 'சிறு கனிமம்' என்று பெயரிட்டு, மாநில சர்க்காரின் கையில் விட்டிருக்கிறது. பெயர்தான் சிறிது, லாபம் பெரிது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்ற நிலை முன்பு இருந்தது. அதைப் பயன்படுத்தி பெரிய பரப்பைத் துண்டு துண்டாகக் கூறு போட்டு ஏலம் விட்டார்கள். 2012 பிப்ரவரி 27-ம் தேதி, ஹரியானாவிலிருந்து வந்த ஒரு வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு இந்தத் தந்திரத்துக்குத் தடை போட்டது. சிறிய குவாரிக்கும் அனுமதி வேண்டும் என்றது.

அதன் பிறகு, 2016 ஜனவரி 15-ம் தேதி மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு ஜில்லாவிலும் சர்வே நடத்த வேண்டும். அந்தச் சர்வேக்கு மூன்று வேலைகள். ஒன்று, ஆற்றில் மணல் படிந்து மேடேறும் இடம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும், அங்கேதான் அள்ளலாம். இரண்டு, ஆறு அரித்துக் கொண்டு போகும் இடம் எது, பாலமும் மற்றக் கட்டுமானங்களும் இருக்கும் இடம் எது என்று குறிக்க வேண்டும். அங்கே கை வைக்கக் கூடாது. மூன்று, அள்ளிய பிறகு ஆண்டுக்கு எத்தனை மணல் திரும்ப வந்து சேருகிறது என்று கணக்கிட வேண்டும். அது சேரும் வரை ஆற்றுக்கு அவகாசம் தர வேண்டும். ரிப்போர்ட்டின் நகலை கலெக்டர் ஆபீசிலும் இணையத்திலும் 21 நாள் வைத்து ஜனங்களின் அபிப்பிராயம் கேட்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

சட்டத்தில் இருப்பது நல்லதுதான். கெட்டதெல்லாம் அதை நடத்தும் விதத்தில் இருக்கிறது. சர்வேயின் உயிர் அந்த மூன்றாவது வேலை. அதையே விட்டு விட்டு ரிப்போர்ட் எழுதி, அதன் பேரில் அனுமதியும் வாங்கி விடுகிறார்கள். இது நமது கற்பனை அல்ல. ஜம்மு-காஷ்மீர் வழக்கு ஒன்றில் 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டி வந்தது: மணல் திரும்பச் சேரும் அளவை ஆராயாத சர்வே ரிப்போர்ட் செல்லாது; அதை நம்பிக் கொடுத்த அனுமதியும் நிற்காது. அறிவிக்கை வந்து ஒன்பது ஆண்டு கழித்து இதைக் கோர்ட்டு சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இடையில் ஆறுகள் எந்தக் கணக்கில் வெட்டப்பட்டன?

பெருக்கல் வாய்ப்பாடு

கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று தோழர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். ரிப்போர்ட்டில் ஓர் அட்டவணை உண்டு. ஆற்றில் இந்த இடத்தில் நீளம் இத்தனை, அகலம் இத்தனை, பரப்பு இத்தனை, மொத்த மணல் இத்தனை, அதில் நூற்றுக்கு 60 பங்கு அள்ளத் தக்கது என்று நிரப்ப வேண்டும். நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஆழத்தால் பெருக்கி, அதில் 60 பங்கு எடு! முடிந்தது சர்வே! இதை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்து விடலாம். ஆற்றில் கால் நனைக்க வேண்டியதில்லை.

இதில் உள்ள மோசடி என்ன? ஒரு குடியானவன் வீட்டுக் குதிரில் பத்து மூட்டை நெல் இருக்கிறது. அது பல வருஷம் மிச்சம் பிடித்த நெல். விதை நெல்லும் அதில்தான் இருக்கிறது. ஒருவன் வந்து குதிரை அளந்து, "பத்து மூட்டை இருக்கிறது, வருஷத்துக்கு ஆறு மூட்டை விற்கலாம்" என்று எழுதிக் கொடுத்தால் அவனை என்ன சொல்வோம்? வயலில் வருஷத்துக்கு எத்தனை விளைகிறது என்றல்லவா முதலில் கேட்க வேண்டும்? ஆற்றில் கிடக்கும் மணல் குதிரில் உள்ள நெல். மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை ஆற்றின் மட்டத்தை அளந்து, வித்தியாசத்தைப் பார்த்தால் தெரிவதுதான் அந்த ஆண்டின் விளைச்சல். அதற்கு மேல் அள்ளுவது விதை நெல்லை அவித்துத் தின்பது.

விளைச்சல் எவ்வளவு இருக்கும்? கரூர் பக்கத்துக் காவிரியை எடுத்துக் கொள்வோம். மேலே மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. மேட்டூருக்குக் கீழே காவிரியில் சேரும் பெரிய ஆறுகள் பவானி, நொய்யல், அமராவதி. பவானியில் பவானிசாகர் அணை 1955-ல் வந்தது. அமராவதி அணை 1957-ல் வந்தது. நொய்யலில் ஒரத்துப்பாளையத்தில் 1990-களில் அணை வந்தது. இவை போதாதென்று, மேட்டூருக்கும் மாயனூருக்கும் இடையில் வரிசையாகக் கதவணைகள். அணைகள் பாசனத்துக்கு வேண்டும். அவற்றை நாம் குறை கூறவில்லை. ஆனால் அணை தண்ணீரைத் திறந்து விடும், மணலைத் திறந்து விடாது. மலையிலிருந்து வரும் மணலில் பெரும் பகுதி அணைக்குள் தங்கி விடுகிறது. அப்படியிருக்க, காவிரியில் ஆண்டுதோறும் மணல் வந்து குவிவதாகக் கணக்கு எழுதினால் அது எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து கொட்டுமா? இன்று நாம் பார்க்கும் மணல், அணைகள் வருவதற்கு முன் காவிரி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆஸ்தி. ஒரு தலைமுறைக்குள் அதை விற்றுத் தீர்க்கிறார்கள்.

எழுதியது ஒன்று, வெட்டியது ஒன்று

கணக்கே பொய். அந்தப் பொய்க் கணக்கின் எல்லையிலாவது நிற்கிறார்களா? தமிழ்நாட்டில் 2003 அக்டோபர் முதல் ஆற்று மணலை அள்ளி விற்பது சர்க்காரின் பொறுப்பு. பெயர்தான் சர்க்கார்; அள்ளியதும் ஏற்றியதும் கான்ட்ராக்டர்கள். 2023-ல் அமலாக்கத் துறை, கான்பூர் ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கொண்டு 28 குவாரிகளை அளந்து பார்த்ததாகக் கோர்ட்டில் சொன்னது. அனுமதி தந்த பரப்பு 190 ஹெக்டேர். வெட்டிய பரப்பு 987 ஹெக்டேர்! சர்க்காருக்கு வரவு வைத்த பணம் 36 கோடியே 45 லட்சம் ரூபாய். அள்ளிய மணலின் மதிப்பு 4,730 கோடி ரூபாய்!

அமலாக்கத் துறையின் அரசியல் பற்றி நமக்கு எந்தப் பிரமையும் இல்லை. மத்திய ஆட்சியாளர்கள் அதை எதற்கு ஏவுகிறார்கள் என்பது நாடறிந்த விஷயம். கான்ட்ராக்டர்கள் மீது அது எடுத்த நடவடிக்கையைச் சட்ட காரணம் காட்டி சென்னை ஹைகோர்ட்டு 2024 ஜூலையில் ரத்து செய்து விட்டது. சரி, வழக்கு ரத்தாகி விட்டது. ஆற்றிலுள்ள பள்ளம் ரத்தாகி விட்டதா? அந்தக் கணக்கு தவறு என்றால், மாநில சர்க்கார் தானே அளந்து சரியான கணக்கை ஜனங்கள் முன் வைக்கட்டும் என்று கேட்கிறோம்.

2018 ஆகஸ்டு 22-ம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து வெள்ளத்தோடு போயின. 1836-ல் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய அணை அது. அளவுக்கு மீறி மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் சொன்னார்கள். அன்றைய ஆட்சியாளர்கள் மறுத்து, வெள்ளத்தின் மீது பழி போட்டார்கள். எத்தனையோ வெள்ளத்தைத் தாங்கிய அணைக்கு அந்த ஒரு வெள்ளம் மட்டும் எமனாக வந்தது எப்படி? புதிய கதவணைக்குச் செலவு கோடிக்கணக்கில். அது யார் பணம்? உங்கள் பணம், தோழர்களே!

சுமப்பது யார்?

மாயனூருக்குக் கீழே ஆற்றோரக் கிராமம் ஒன்றில் ஒரு மூதாட்டி நம்மிடம் சொன்னார்: "தம்பி, அப்பெல்லாம் கையில தோண்டுனா முழங்கை ஆழத்துல ஊத்துத் தண்ணி வரும். இப்ப ஆள் ஆழம் தோண்டுனாலும் கசியறதுதான்." மணல் போனால் நிலத்தடி நீர் இறங்கும். பண்ணையார் போர்வெல்லை இன்னும் இருநூறு அடி இறக்குவார். இரண்டு ஏக்கர் குடியானவர் எங்கே போவார்? அவர் வாழையும் வெற்றிலைக் கொடியும் வைக்காவிட்டால் கூலிக்காரருக்கு வேலை ஏது? ஆற்றின் மட்டம் தாழ்ந்தால், வாய்க்கால் தலைமதகு உயரத்தில் நிற்கும்; தண்ணீர் ஏறாது. மில் தொழிலாளி குடியிருக்கும் டவுனுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதும் ஆற்று மணலில் தோண்டிய கிணறுகளிலிருந்துதான். மணல் வடிகட்டித் தந்த தண்ணீர் அது.

எதிர்த்துக் கேட்டால்? 2022 செப்டம்பரில் கரூர் ஜில்லாவில் கல் குவாரியை எதிர்த்த விவசாயி வாகனம் ஏற்றிக் கொல்லப்பட்டார். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டில் மணல் திருட்டைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் ஆபீசுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை ஜில்லா திருமயம் அருகே கல் குவாரிகள் மீது புகார் கொடுத்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இந்த உயிர்களுக்கு எந்தச் சர்வே ரிப்போர்ட்டில் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள்?

"எங்கள் பிழைப்பு?"

நம் தோழர்களிலேயே சிலர் கேட்பார்கள்: குவாரியை மூடினால் லோடு ஏற்றுபவர் பிழைப்பு என்ன? மாட்டு வண்டித் தொழிலாளி என்ன செய்வார்? கொத்தனாரும் சித்தாளும் எங்கே போவார்கள்? நியாயமான கேள்வி. மாட்டு வண்டிக்குத் தனிக் குவாரி கேட்டுத் தொழிலாளர்கள் பல ஜில்லாக்களில் போராடியிருக்கிறார்கள். அந்தக் கோரிக்கையை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அவர்கள் பிழைப்பைப் பறித்தது யார்? பொக்லைன் இயந்திரம் சில நிமிஷங்களில் ஒரு லாரியை நிரப்புகிறது. அங்கே மண்வெட்டிக்கு வேலை இல்லை. மண்வெட்டியும் மாட்டு வண்டியும் சேர்ந்து ஓர் ஆற்றை அழித்ததாக வரலாறு கிடையாது. ஆறு தருகிற அளவுக்கு மட்டும், ஆட்களைக் கொண்டு அள்ளினால், மணலும் இருக்கும், வேலையும் இருக்கும். ஆறு மொட்டையான பிறகு யாருக்கும் இரண்டும் இராது.

"ஆற்று மணல் வேண்டாம், கல்லை அரைத்து எம்-சாண்டு செய்து கொள்ளலாம்" என்று சிலர் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். பள்ளம் ஆற்றிலிருந்து மலைக்கு மாறுகிறது, அவ்வளவே. 2022 மே மாதம் திருநெல்வேலி ஜில்லா அடைமிதிப்பான்குளம் கல் குவாரியில் பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் பிணமாக வந்தார்கள். கல்லுக்கும் ஒழுங்கான சர்வே வேண்டும். எத்தனை ஆழம் வெட்டலாம், வெடியின் அதிர்ச்சி எத்தனை வீட்டுக்குப் போகும், தூசியைச் சுவாசிப்பவர் எத்தனை பேர் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நாம் கேட்பது

சர்வே ரிப்போர்ட்டைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் வைக்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் ஆற்றை ஜனங்கள் கண்ணெதிரே அளக்க வேண்டும். திரும்பச் சேரும் அளவு தெரியாத இடத்தில் ஒரு கூடை மணலும் அள்ளக் கூடாது. ஆற்றுக்குள் பொக்லைன் இறங்கக் கூடாது. மாட்டு வண்டித் தொழிலாளருக்கு முதல் உரிமை வேண்டும். புகார் செய்பவரின் பெயர் குவாரிக்காரர் காதுக்குப் போகாமல் காப்பதற்கு அதிகாரிகளைப் பொறுப்பாளியாக்க வேண்டும்.

அவர்கள் அளக்கும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் படித்துறையில் மணல் மட்டம் எந்தப் படியில் இருக்கிறது என்று இன்றே பெயிண்டால் கோடு போடுங்கள். பாலத்தின் தூணிலும் போடுங்கள். தேதியை நோட்டில் எழுதுங்கள். மழை முடிந்ததும் மறுபடி பாருங்கள். நகல் ரிப்போர்ட் வந்தால் 21 நாளுக்குள் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒருவர் தனியாகப் போக வேண்டாம், சங்கமாகப் போங்கள். மே முதல் தேதி தொழிலாளர் தினம். கிராம சபை கூடும் நாளும் அதுதான். அன்று கொடியேற்றி விட்டுக் கலைந்து விடாமல், கிராம சபையில் அமர்ந்து இந்தக் கணக்கைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

ஆற்றில் இறங்காதவர்கள் எழுதிய கணக்கை, ஆற்றோடு வாழ்பவர்கள் திருத்தி எழுத வேண்டும். கோல் நம் கைக்கு வரட்டும்!